43 டயர், ஒரு ஸ்பேனர்

நம்ம காலேஜ் குரூப்ல "வாலண்டியர்ஸ் வேணும்"னு ஒரு மெசேஜ் போட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அஞ்சு நிமிஷத்துல முப்பது தம்ஸ்-அப் விழும். அடுத்து மூணு கேள்வி வரும், எப்பவும் இதே வரிசையில: ஓ.டி. உண்டா, சர்டிபிகேட் உண்டா, சாப்பாடு உண்டா. மூணுமே நியாயமான கேள்விதான். ஆனா நாலாவதா ஒரு கேள்வி இருக்கு, அதை யாருமே கேட்க மாட்டாங்க: "எனக்கு என்ன வேலை?"

போன ஆவணியில ஏரல் பக்கத்துல ஒரு அரசு தொடக்கப் பள்ளியில ரெண்டு நாள்ல ஒரு விளையாட்டுத் திடல் போட்டோம். முழுக்க முழுக்க பழைய டயர். அதுக்கு ஆள் சேர்த்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். டயர்ல எப்படி டிரில் போடுறதுன்னு யூடியூப்ல நூறு வீடியோ இருக்கு. ஆளை எப்படிச் சேர்க்குறதுன்னு எங்கேயும் இல்ல.

ஏரல் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலியில இருந்து ஸ்ரீவைகுண்டம் வழியா கிழக்கே போனா, தாமிரபரணி கடலைச் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆத்தங்கரையில இருக்குற ஊர். சுத்தியிருக்கிற வாழைக்கும் வயலுக்கும் அதுதான் பஜார். 2023 டிசம்பர் 17, 18-ல பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கவே சராசரியா அவ்வளவு பெய்யாது. ஏரல் பஜார் தண்ணிக்குள்ள போச்சு. ஆத்துப் பாலத்தோட இணைப்பு ரோட்டையே வெள்ளம் அறுத்துட்டுப் போனதால ஊர் துண்டாகி நின்னுச்சு.

நாங்க பாத்த பள்ளிக்கூடத்துல வெள்ளம் வடிஞ்ச பிறகு இடுப்பளவு வண்டல் கிடந்ததுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம் சுவர் எழுந்துச்சு, கழிப்பறை சரியாச்சு, பெஞ்சு வந்துச்சு. இருந்த ஒரே சறுக்கு மட்டும் துருப்பிடிச்சு, வளைஞ்சு, ஏறக்கூடாதுன்னு கயிறு கட்டி நின்னுச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேணும்னு இருக்கு. ஆனா வெறும் மண்ணு கிடந்தாலும் மைதானம்தானே. ஊஞ்சல், சறுக்கு எல்லாம் எந்தப் பட்டியல்லயும் கடைசி வரிதான்.

டயர் யோசனை எங்களோடது இல்ல. ஐஐடி கரக்பூர்ல ஆர்க்கிடெக்சர் படிச்ச பூஜா ராய் ஆரம்பிச்சது அது. படிக்கிற காலத்துல ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனப்போ, பிள்ளைங்க செருப்பையும் உடைஞ்ச பைப்பையும் வச்சு விளையாடுறதைப் பாத்திருக்காங்க. அங்க தொடங்கினது பெங்களூருல 'ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்'னு ஒரு அமைப்பா வளந்து, இந்தியா முழுக்க நூத்துக்கணக்கான திடல் போட்டிருக்கு. பேரைக் கவனிங்க, எறும்புப் புத்து. ஒரு எறும்பு பெருசா எதையும் தூக்காது.

இன்னொரு கதை வாஷிங்டன்ல நடந்தது. 1995-ல விளையாட இடம் இல்லாம நின்னுக்கிட்டிருந்த ஒரு காருக்குள்ள போய் விளையாடின 4 வயசு அக்காவும் 2 வயசு தம்பியும் மூச்சு முட்டி இறந்துபோனாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச டேரல் ஹேமண்ட்ங்கிற இளைஞர்தான் அடுத்த வருஷம் 'கபூம்'ங்கிற அமைப்பை ஆரம்பிச்சார். ஒரே நாள்ல ஊர்க்காரங்களும் வாலண்டியர்களும் சேந்து திடலைக் கட்டி முடிச்சிடுவாங்க. எனக்கு அந்த ஒரு நாள் பெரிய ஆச்சரியமா படல. அதுக்கு முன்னாடி அவங்க செய்ற வேலைதான் பிடிச்சிருந்துச்சு. முதல்ல பிள்ளைங்களைக் கூப்பிட்டு வரையச் சொல்லுவாங்க. அப்புறம் அந்த ஊரே ஒரு குழுவா உக்காந்து ஆள் தேடும், பணம் தேடும். வெளியில இருந்து வர்றவங்க கடைசி நாள்தான்.

நாங்களும் வரையச் சொன்னோம். மூணு, நாலு, அஞ்சாம் வகுப்பு. ஊஞ்சல் நிறைய வந்துச்சு. ஒளிஞ்சுக்கிற குகை, யானை, ஒரு ராக்கெட். அதோட, எண்ணிப் பாத்தோம், ஒன்பது பேப்பர்ல படகு. வெள்ளத்தப்போ கடக்கரையில இருந்து மீனவங்க படகைக் கொண்டுவந்து ஜனங்களை மீட்டாங்க. பிள்ளைங்க அதை மறக்கல. நாலாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி ஒரு மேடை வரைஞ்சு, அதுக்கு மேல நாலு பேர் நிக்கிற மாதிரி போட்டிருந்தா. "இது என்ன பாப்பா?"ன்னு கேட்டேன். "தண்ணி வந்தா ஏறி நிக்கதுக்குண்ணே" அப்படின்னா.

அந்த பேப்பரைப் பாத்த பிறகு எங்க செட்ல யாரும் சர்டிபிகேட் பத்திப் பேசல.

இப்ப ஆள் விஷயத்துக்கு வர்றேன். வாட்ஸ்அப் போல்ல 63 பேர் 'வர்றேன்'னு போட்டாங்க. போன வருஷ சீனியர்ஸ் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, பாதிக்கும் கீழதான் பஸ் ஏறுவாங்கன்னு. அதனால 25 பேருக்குத்தான் வேலை பிரிச்சோம். 26 பேர் வந்தாங்க. போல்ல கை தூக்கினவங்களைக் கூட்டம்னு நினைக்காம, ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு "நீ டிரில் மெஷின். உன்கூட இன்னும் ரெண்டு பேர். சனிக்கிழமை காலைல 6:40 பஸ்"னு சொன்னோம். பேர் சொல்லி, வேலை சொல்லி, மணி சொல்லிக் கேட்டா மனுஷனுக்கு 'முடியாது'ன்னு சொல்லக்கூட வசதியா இருக்கு. ஆறு பேர் அப்பவே முடியாதுன்னு சொன்னாங்க. நல்லதாப் போச்சு, அந்த இடத்துக்கு வேற ஆள் பிடிச்சோம்.

ஆனா காலேஜ் ஆளைச் சேர்க்குறதுதான் இதுல சுலபமான பகுதி. நாங்க ரெண்டு நாள்ல பஸ் ஏறிடுவோம். திடல் அங்கேயேதான் இருக்கும். ஊர் ஆளுங்க வேணும்.

முதல் தடவ ஊருக்குப் போனப்போ பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துல டீக்கடை அண்ணாச்சிகிட்ட விஷயத்தைச் சொல்லி, ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கலாமான்னு கேட்டோம். நோட்டீஸை வாங்கிப் படிச்சார். "ஒட்டுங்க தம்பி, அதுக்கென்ன. ஆனா நோட்டீஸ் பாத்து எவன் வருவான்? கொடைக்கு நாங்க நோட்டீஸா ஒட்டுதோம்? வீட்டுக்கு வீடு போயி வரி எழுதணும்லா"ன்னார்.

நீங்க இந்தப் பக்கத்து ஆளா இருந்தா இது புரிஞ்சிருக்கும். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் கோயில் கொடைன்னா, ஊர்ல ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இவ்வளவுன்னு வரி உண்டு. ஒரு தலைக்கட்டுன்னா ஒரு குடும்பம். வரி நோட்டுல பேர் இருக்கும். சென்னையில வேலை பாக்குறவன், துபாய்ல இருக்குறவன் எல்லாரும் அனுப்பிடுவான். ஏன்னா பேர் விட்டுப்போனா அது பணப் பிரச்சினை இல்ல, நான் இந்த ஊர்க்காரன் இல்லையான்னு ஆயிடும். பந்தலுக்கு ஒரு ஆள், மைக்செட்டுக்கு ஒரு ஆள், சமையலுக்கு நாலு பேர், வில்லுப்பாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வர ஒருத்தர். யாரும் ஸ்ப்ரெட்ஷீட் போடுறது இல்ல. மேனேஜ்மென்ட் எலெக்டிவ்ல நாங்க ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்ச விஷயம் இந்த நோட்டுல ஏற்கெனவே இருக்கு.

தேதி குறிக்கிறதுலயும் அண்ணாச்சிதான் கை கொடுத்தார். "ஆடி அமாவாசையை ஒட்டி வச்சிராதீங்க, ஊருக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது"ன்னார். சேர்மன் அருணாசல சுவாமி கோயில் திருவிழா அப்ப. இந்தக் கோயிலைப் பத்தித் தெரியாதவங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஏரல் சேர்மனா ஊர் நிர்வாகம் பாத்து, 1908-ல சின்ன வயசுலயே இறந்துபோன ஒருத்தரை ஜனங்க சாமியா கும்பிடுறாங்க, இன்னிக்கும் சாமி பேர்ல 'சேர்மன்' ஒட்டிக்கிட்டு இருக்கு. பொது வேலைக்கு வாலண்டியர் கிடைக்க மாட்டாங்கன்னு இந்த ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க.

சரி, கொடை மாதிரியே நோட்டுப் போட்டுடலாம்னு கிளம்பினப்போதான் உண்மையான சிக்கல் வந்துச்சு. கொடைக்கு வரி யார்கிட்ட வாங்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஏன்னா அந்தக் கோயில் அந்தத் தெருவுக்கு. யார்கிட்ட வாங்க மாட்டாங்கன்னும் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் அப்படி இல்லையே. எல்லாத் தெருப் பிள்ளைங்களும் அங்க வருது. அப்ப நோட்டு யார் கையில இருக்கணும்?

இந்தக் கேள்வியை எங்களால தீர்க்க முடியாது. வெளியில இருந்து வந்த பசங்க இதுல வாயே திறக்கக்கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அக்காதான் தீர்த்தாங்க. அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதி பேர் பெண்களா இருக்கணும்னு சட்டமே இருக்கு. படிக்கும்போது சும்மா ஒரு விதின்னு தோணும். இங்கதான் அது எதுக்குன்னு தெரிஞ்சுது. நோட்டு பிள்ளைங்க பேர்லயே போட்டாங்க. வருகைப் பதிவேட்டுல இருக்குற வரிசை அப்படியே. ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரா ஒரு பெரியவங்க பேர், ஒரு வேலை. பணம் கிடையாது. "உங்க மவன் பேருக்கு மண்ணு சுமக்க ஒரு ஆள்." அவ்வளவுதான். தெரு, சாமி, எதுவும் அந்த நோட்டுல இல்ல.

டயருக்கு அலையல. பஜார்ல பஞ்சர் கடை, மெயின் ரோட்டுல ரீட்ரெடிங் கடை, ரெண்டு லாரி ஷெட். சும்மாவே கொடுத்தாங்க, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குதுன்னு. 43 தேறுச்சு. ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க: ரேடியல் டயரை வெட்டாதீங்க. உள்ளே ஸ்டீல் கம்பி வலை இருக்கு, வெட்டின இடத்துல ஊசி மாதிரி நீட்டிக்கும், பிள்ளைங்க கையைக் கிழிச்சிடும். வெட்ட வேண்டிய இடத்துக்கு நைலான் டயர், முழுசா புதைக்கிறதுக்கு ரேடியல். அப்புறம் எல்லா டயர்லயும் அடிப்பக்கம் ஓட்டை. டயருக்குள்ள தேங்குற மழைத்தண்ணிதான் ஏடிஸ் கொசுவுக்குப் பிடிச்ச வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு வளர்க்கவா திடல் கட்டுறோம்? வெயில்ல கறுப்பு ரப்பர் தொட முடியாம சுடும், அதனால எல்லாத்தையும் ரெண்டு வேப்பமரத்து நிழல் விழுற பக்கமா வச்சோம்.

சனிக்கிழமை காலைல நாங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே பதினோரு பேர் மண்வெட்டியோட நின்னாங்க. அதுல ஒருத்தர் கொத்தனார், ரெண்டாம் வகுப்புப் பையனோட அப்பா. எங்க டிராயிங்கை வாங்கிப் பாத்தார். ஊஞ்சல் பைப்புக்கு 'கெட்டி மண் வரை'ன்னு போட்டிருந்தோம். கடப்பாறையை எடுத்து மூணு இடத்துல குத்திப் பாத்துட்டு, "மேல உள்ளது பூரா வெள்ளத்து வண்டல். நாலரை அடி போனாத்தான் பழைய மண்ணு"ன்னார். நாலரை அடி தோண்டினாங்க. சரியா அங்கதான் நிறம் மாறுச்சு.

ஊஞ்சலைப் பத்தி நம்ம ஆளுங்களுக்கு ஒரு கணக்கு. 60 டிகிரி வரைக்கும் இழுத்து விட்டா, கீழ வரும்போது சங்கிலி மேல விழுற இழுவை எடையைப் போல ரெண்டு மடங்கு. முதல் வருஷம் படிச்ச அதே பெண்டுலம்தான். தொடக்கப் பள்ளியில ஒரு ஊஞ்சல்ல ஒரு பிள்ளைதான் உக்காரும்னு நம்பினீங்கன்னா நீங்க பள்ளிக்கூடமே போகலன்னு அர்த்தம். ரெண்டு பேர், சேந்து 50 கிலோன்னு வச்சா 100 கிலோவுக்கான இழுவை, ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவையோ. பரீட்சையில இந்தக் கணக்கு தப்பாப் போனா ரெண்டு மார்க் போகும், இங்க போல்ட் போகும். எங்க செட்ல ஒருத்தன் மூணு தடவ போட்டுப் பாத்தான். அவன் இன்டர்னல்ல கூட அப்படி சரிபாத்தது இல்ல.

சாப்பாடுதான் நான் பயந்த இடம். வேலையைச் சேந்து செஞ்சிடுவாங்க, ஆனா யார் சமைச்சு யார் சாப்பிடுறது? உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன். தலைவி அக்கா அதையும் முன்னாடியே யோசிச்சிருந்தாங்க. பள்ளிக்கூடத்துச் சமையலறையிலயே வைக்கணும், நோட்டுல பேர் வர்ற வரிசைப்படி ஆறு அம்மாமார் சமைக்கணும்னு சொல்லிட்டாங்க. யாரோ முணுமுணுத்ததுக்கு அவங்க சொன்ன பதில்: "பிள்ளைய தினமும் காலைல இங்கதான ஒண்ணா உக்காந்து உப்புமா திங்கி. பெரியாளுகளுக்கு ரெண்டு நாள் முடியாதோ?" காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. அது பசிக்கு மட்டும்தான்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

எல்லாரும் உக்காந்தாங்கன்னு எழுதத்தான் ஆசை. மூணு வீட்டு ஆளுங்க ரெண்டு நாளும் வந்தாங்க, நல்லா வேலை பாத்தாங்க, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வீட்டுக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்து மறுபடியும் மண்ணு சுமந்தாங்க. யாரும் அதைப் பத்திப் பேசல. அவங்க பிள்ளைங்க மட்டும் எங்க வரிசையில உக்காந்து ரெண்டாவது தடவையும் பாயாசம் வாங்கிக் குடிச்சாங்க.

ரெண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல எங்க காலேஜ் பசங்களுக்கு வேலையே குறைஞ்சுபோச்சு. எல்லாம் ஊர்க்காரங்க கையில இருந்துச்சு. பெயிண்ட் அடிச்சது பூரா அம்மாமாரும் அஞ்சாம் வகுப்பும். படகுக்கு நீலம் அடிக்கணும்னு நாங்க திட்டம் போட்டிருந்தோம். பிள்ளைங்க ஆரஞ்சுதான்னு நின்னாங்க, லைஃப் ஜாக்கெட் கலராம். ஆரஞ்சுதான் இப்ப இருக்கு. மேடையும் இருக்கு. லாரி டயரை அடுக்கி உள்ளே மண்ணை இடிச்சு நிரப்பினது, உயரம் நாலடி. வெள்ளம் வந்தா நாலடி பத்தாது, அது எனக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும். வரைஞ்ச பொண்ணு ஏறி நின்னு பாத்துட்டு இறங்கிப் போயிட்டா, ஒண்ணும் சொல்லல.

இந்த இடத்துல புதுக்குடியைப் பத்திச் சொல்லணும். அதே 2023 வெள்ளத்துல திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிச்சு, உள்ள சுமார் 800 பேர். பக்கத்துல இருக்குற புதுக்குடி ஊர்க்காரங்கதான், தங்களைச் சுத்தியும் தண்ணி நிக்கும்போது, பயணிகளுக்குச் சோறு சமைச்சுக் கொடுத்தாங்க. அங்க யார் போல் போட்டா? பாத்திரம் எந்த வீட்ல பெருசு, யார் வீட்ல அரிசி இருக்கு, யாருக்கு நூறு பேருக்கு உலை வைக்கத் தெரியும்னு அந்த ஊருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். கொடை நடத்துற ஊருக்கு அது தெரியாம இருக்காது. நம்ம காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல்ல இருந்தும் பக்கத்து ரூம்காரனுக்கு என்ன வேலை தெரியும்னு நமக்குத் தெரியல. ஆள் பத்தலன்னு சொல்றோமே, அதுல பாதி இதுதான்னு எனக்குத் தோணுது.

திடல் போட்டு முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் தலைமையாசிரியை டீச்சர் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, ஆறு மாசம் கழிச்சு இதை யாரு பாப்பா?" பள்ளிக்கு வந்த பல நல்ல சாமான் திறப்பு விழா போட்டோவோட நின்னுபோனதை அவங்க பாத்திருக்காங்க. அவங்க குரல்ல கோபம் இல்ல, அதனாலதான் பதில் சொல்ல கஷ்டமா இருந்துச்சு. நாங்க ஃபைனல் இயர். மே மாசத்துக்கு மேல எங்கள்ல பாதி பேர் சென்னை, பெங்களூரு.

அதனால அன்னிக்கே நோட்டுல கடைசிப் பக்கத்துல இன்னொரு பட்டியல் போட்டோம். மாசத்துக்கு ஒரு வீடு. அந்த மாசம் அந்த வீட்டு ஆள் வந்து 14 போல்ட்டையும் இறுக்கணும், டயர்ல தண்ணி நிக்குதான்னு பாக்கணும், சங்கிலியோட மேல் வளையம் தேஞ்சிருக்கான்னு பாக்கணும். அரை மணி நேர வேலை. இதுவரைக்கும் அஞ்சு மாசம் ஆச்சு. நாலு மாசம் ஒழுங்கா நடந்துச்சு. ஒரு மாசம் விட்டுப்போச்சு, அடுத்த வீட்டுக்காரங்க ரெண்டு தடவ வந்து சரிக்கட்டிட்டாங்க. மார்கழி மாசம் யாருன்னு பாத்தா, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போன மூணு வீட்டுல ஒரு வீடு. அந்த அண்ணாச்சி போல்ட் இறுக்கினதோட நிக்கல, துருப்பிடிச்ச இடத்துல ரெட் ஆக்சைடு அடிச்சு வச்சிருந்தாராம்.

நம்ம பக்கத்துல இருந்து ஆள் வேணும். வருஷத்துக்கு ரெண்டு தடவ, அஸ்திவாரம் அசையுதான்னும் வெல்டிங்ல விரிசல் இருக்கான்னும் பாக்க, கணக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர். செகண்ட் இயர்ல இருக்குறவங்களா இருந்தா நல்லது, இன்னும் ரெண்டு வருஷம் இருப்பீங்க. ஓ.டி. கிடைக்காது, சனிக்கிழமைதான். சர்டிபிகேட் கிடையாது. சாப்பாடு உண்டு, டீக்கடை அண்ணாச்சி காசு வாங்க மாட்டேங்கிறார், நீங்கதான் வம்பு பண்ணிக் கொடுக்கணும். வேலை என்னன்னு மேலேயே சொல்லிட்டேன். விருப்பம் இருந்தா மெசேஜ் போடாதீங்க, மெக்கானிக்கல் பிளாக்ல நேரா வந்து பேர் சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கிறேன். 19-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு டீச்சர் மேஜையோட ரெண்டாவது டிராயர்ல இருக்கு.